ஆலை வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு: மாறிய சட்டங்களும் கையில் இருக்கவேண்டிய காகிதங்களும்

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு ஒரகடம், ஓசூர், அம்பத்தூர், கோவை என்று ஏதாவது ஓர் ஆலைக்குள் முதல்முறை கால் வைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்துவிட்டன: 2019-இன் ஊதியத் தொகுப்பு, 2020-இன் தொழில் உறவுத் தொகுப்பு, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, தொழில்சார் பாதுகாப்பு மற்றும் பணிச்சூழல் தொகுப்பு. பழைய சட்டங்களின் கீழ் எழுதப்பட்ட விதிகள், புதியவற்றோடு முரண்படாத அளவுக்கு இடைக்காலத்தில் தொடரும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அதனால் அலுவலகங்களில் பழைய படிவப் பெயர்களே காதில் விழலாம். அதைக் கேட்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிவிட வேண்டாம்.

சட்டத்தில் எழுதியிருப்பதெல்லாம் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டுமானால் தேதி போட்ட காகிதம் வேண்டும். விபத்து நடந்த பிறகு அந்தக் காகிதத்தைத் தேடுவது மிகக் கடினம். கீழே உள்ளவற்றை அந்த நோக்கத்தோடு படியுங்கள்.

முதல் நாள்: ஆர்டர்

அப்பாயின்மென்ட் ஆர்டர் கொடுப்பது இதுவரை பல இடங்களில் முதலாளியின் விருப்பமாக இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்று இப்போது தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பின் (இனி ‘பாதுகாப்புத் தொகுப்பு’) 6-ஆவது பிரிவு சொல்கிறது. தொகுப்பு வரும் முன்பே வேலையில் இருந்தவர்களுக்கும் தரவேண்டும்.

கடிதம் கைக்கு வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். உங்களை வேலைக்கு எடுத்திருப்பது யார்? ஆலையின் பெயரா, கான்ட்ராக்டர் பெயரா? சம்பளத்தில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கின்றனவா? வேலை நிரந்தரமா, குறிப்பிட்ட காலத்துக்கா? சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் ஜூன் 3-ஆம் தேதி மெஷினில் நின்றவருக்கு ஜூலை 1 என்று தேதி போட்டுக் கொடுப்பது வழக்கமாக நடக்கிற வேலை. அந்த இடைப்பட்ட நாட்களில் கை போனால் நீங்கள் அங்கே ஆளே இல்லை என்று சொல்வார்கள்.

‘டிரெய்னி’ என்று எழுதியிருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமா என்று கேளுங்கள். ஆம் என்றால் பதிவு எண் இருக்கும். அப்படிப்பட்ட அப்ரண்டிஸுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடைக்காது. ஆனால் வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. பதிவு எண் இல்லாமல், சும்மா ‘டிரெய்னி’ என்ற பெயரில் ஷிப்ட் முழுக்க உற்பத்தியில் நிறுத்தினால் நீங்கள் தொழிலாளி. பெயரை மாற்றுவதால் உரிமை மாறாது.

கான்ட்ராக்டில் சேருகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு நிரந்தரம் தரவேண்டும் என்ற 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மாநிலச் சட்டம். நீக்கப்பட்ட 29-இல் அது இல்லை. நாள் கணக்கை நிரூபிப்பதுதான் இந்த வழக்குகளில் பெரும்பாடு. மாதக் கடைசியில் வருகைப் பதிவை ஒரு போட்டோ எடுத்துவைத்தால் போதும்.

முதல் மாதம்: இ.எஸ்.ஐ., பி.எஃப்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000) இ.எஸ்.ஐ. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பதிவானதும் பத்து இலக்க எண் ஒன்று வரும். அந்த எண் இருக்கும் இ-பெஹ்சான் அட்டையை அச்செடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள், படத்தை போனில் வையுங்கள். குடும்பத்தினர் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் பிறகு அலைய வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் நோய்க்கான பணப்பயன் பெற ஒரு பங்களிப்புக் காலத்தில் (ஆறு மாதம்) 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே விரல் நசுங்கினாலும் பயன் உண்டு. “உனக்கு இன்னும் ஆறு மாசம் ஆகலையே, இ.எஸ்.ஐ. கிடைக்காது” என்று யாராவது சொன்னால் அது தவறு.

பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்பதை, யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணோடு இணைத்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தியில் பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

சம்பளச் சீட்டைப் படிப்பது

புதிய தொகுப்புகளில் அன்றாடம் கைக்குத் தெரியும் மாற்றம் ‘ஊதியம்’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள்தான். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவற்றை ஊதியக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் அப்படி விலக்குகிறவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

ஒரு கணக்கு. மொத்தம் 20,000. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 8,000, வாடகைப்படி 7,000, போக்குவரத்துப்படி 5,000. விலக்கியவை 12,000, பாதி என்பது 10,000. கூடுதலான 2,000 ஊதியத்தில் சேர, உங்கள் ஊதியம் 10,000 ஆகிறது. பி.எஃப். 8,000-க்கு 960 ரூபாய் பிடித்தவர்கள் இனி 10,000-க்கு 1,200 பிடிக்க வேண்டும். கையில் 240 குறையும். முதலாளியும் அதே 240-ஐக் கூடுதலாகக் கட்டுவார். கையில் வருவது குறைகிறதே என்று வருந்துகிறவர்கள், வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) இதே ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதைப் பார்க்க வேண்டும்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அபராதம் என்று போட்டால் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதம்தான் உச்சம். ஹெல்மெட், ஷூ, கையுறைக்குக் காசு பிடித்திருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எதற்கும் பணியாளரிடம் பணம் வாங்கக்கூடாது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டைச் சம்பளம். ஊதியம் 15,600 என்றால் 26-ஆல் வகுத்து நாளுக்கு 600, எட்டால் வகுத்து மணிக்கு 75, ஓ.டி.க்கு மணிக்கு 150. இதை ‘இன்சென்டிவ்’ என்ற வரியில் ஒற்றைச் சம்பளமாகப் போட்டுக் கொடுப்பது வழக்கமான உத்தி. எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று அன்றன்றைக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளம் தொடர்பான கோரிக்கையை இப்போது மூன்று ஆண்டுக்குள் எழுப்பலாம். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. தொழிலாளிக்குச் சாதகமாக வந்திருக்கும் நல்ல ஏற்பாடு இது. உங்கள் நோட்டு அதற்குப் பலம்.

இன்னொரு குழப்பமும் உலவுகிறது: “இனிமே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான்.” தமிழ்நாட்டில் அதற்கு வழிசெய்யும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது உண்மை. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் உண்மை. புதிய தொகுப்பின்படியும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான், ஓ.டி.க்கு உங்கள் சம்மதம் தேவை. விடுப்பில் ஒரு முன்னேற்றம் இருக்கிறது. முன்பு 240 நாள் வேலை செய்திருந்தால்தான் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு. இப்போது 180 நாள் போதும். 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கு மாறவில்லை.

மெஷினுக்கு முன்னால்

பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷினில்) விரல் போகும் விதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மெஷினில் இரண்டு பச்சை பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சுக்குள்) கை இருக்க முடியாது. பாதுகாப்பு என்பது அவ்வளவுதான். டார்கெட் ஏற ஏற, ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள், அல்லது ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவார்கள். அப்போது ஒரு கை டைக்குள் பீஸை எடுக்க, இன்னொரு கை பட்டனை அடிக்கும். நாளுக்கு ஆயிரக்கணக்கான ஸ்ட்ரோக்கில் ஒன்றே ஒன்று முந்திக்கொண்டால் போதும். பழைய கீ-கிளட்ச் பிரஸ்களில் இன்னொரு ஆபத்து உண்டு. கீயோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால் ஒருமுறை அழுத்தியதற்கு இரண்டுமுறை இறங்கும். இதை ‘டபுள் ஸ்ட்ரோக்’ என்பார்கள். இறங்கி ஏறிய ராம் (மேலிருந்து அடிக்கும் பாகம்) மேலே நின்றுவிட்டது என்று நம்பிக் கை நீட்டும்போது மறுபடி வரும். ஒருமுறை டபுள் ஸ்ட்ரோக் அடித்த மெஷினில் அதற்குமேல் ஒரு பீஸ்கூட எடுக்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் இவற்றைப் பாருங்கள்: இரண்டு பட்டனும் தனித்தனியாக அழுத்தினால் மெஷின் அசையக்கூடாது, சிவப்பு எமர்ஜென்சி பட்டன் கைக்கு எட்ட வேண்டும், அழுத்தினால் நிற்க வேண்டும், லைட் கர்ட்டன் (ஒளிக்கதிர் மறிக்கப்பட்டால் மெஷினை நிறுத்தும் சாதனம்) இருந்தால் ஒரு குச்சியைக் குறுக்கே நீட்டிப் பாருங்கள், நிற்க வேண்டும். டை மாற்றும்போதும் அடைத்துக்கொண்ட பீஸை எடுக்கும்போதும் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டில் “வேலை நடக்கிறது” என்று அட்டை மட்டும் தொங்கவிடுவது போதாது. அட்டையைப் பார்க்காமல் ஆன் செய்தவர்கள் உண்டு.

கார்டை, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடியை, கழற்றச் சொன்னால்? பாதுகாப்புத் தொகுப்பின் 14-ஆவது பிரிவின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடம் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம். வாயால் சொல்வதோடு நிற்காமல் வாட்ஸாப்பில் சூப்பர்வைசருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: “சார், 3-ஆம் நம்பர் பிரஸ்ஸில் இடது பட்டன் டேப் போட்டிருக்கிறது, சரிசெய்து தாருங்கள்.” பணிவான ஒரு வரி, நாளையும் நேரத்தையும் போனே பதிந்துகொள்ளும். பாதுகாப்புச் சாதனத்தைக் கெடுக்கக்கூடாது என்ற கடமை தொழிலாளிக்கும் இருக்கிறது. நீங்களே டேப் ஒட்டினால் அது உங்கள் பக்கம் குற்றமாகும்.

இங்கே புதிய சட்டத்தின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மின்சாரத்தோடு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே ‘ஆலை’ என்றிருந்தது இப்போது இருபது என்று உயர்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது நாற்பதாகிவிட்டது. பிரஸ்ஸும் லேத்துமாகப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைகளில்தான் விரல்கள் அதிகம் போகின்றன. அவற்றை ஆலைக்கான விதிகளுக்கு வெளியே தள்ளியது சரியில்லை. ஆனாலும் பத்துப் பேர் இருந்தால் பாதுகாப்புத் தொகுப்பின் பொதுவான கடமைகள் அங்கும் பொருந்தும். ஊதியத் தொகுப்பும் காய இழப்பீடும் அதைவிடச் சின்ன இடங்களுக்கும் உண்டு.

பெண்களுக்கு: இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலை செய்யச் சம்மதம் தேவை. அந்தச் சம்மதத்தை ஆர்டரோடு சேர்த்து ஒரே கையெழுத்தில் வாங்கிவிடப் பார்ப்பார்கள். தனியாகக் கேளுங்கள், வண்டி வசதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாலியல் தொந்தரவு நடந்தால் மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழு. சேர்ந்த வாரமே குழுவின் தலைவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தால்

1. மெயினை அணையுங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. பட்டால் திசு கெட்டுப்போய் ஒட்டவைக்க முடியாமல் போகும். காப்பித்தூள், மஞ்சள், கிரீஸ் எதுவும் வேண்டாம். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

2. முதல் மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம் உண்மையாக இருக்கட்டும். எல்லாமே தவறிப்போகும் இடம் இதுதான். கூட வரும் சூப்பர்வைசர் காரிலேயே சொல்லுவார்: “வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுப்பா, செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்.” வலியில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். மருத்துவர் அதையே மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார். அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் இ.எஸ்.ஐ.யிலும் வழக்கிலும் முதலில் எடுத்துப் பார்க்கப்படும் காகிதம். “வீட்டில் விழுந்தார்” என்று அதில் இருந்தால் அதை உடைக்க ஆண்டுக்கணக்கில் போராட வேண்டும். இன்ன ஆலை, இன்ன மெஷின், இத்தனை மணி என்று சொல்லி, எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

3. ஆலையின் விபத்துப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயமென்றால் அரசு அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். அனுப்பவில்லை என்று தெரிந்தால் நீங்களோ உங்கள் வீட்டாரோ இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கட்டணமில்லா எண் 1800-11-2526.

4. உடன் வேலை செய்த ஒருவரை அன்றைக்கே மெஷினைப் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் கார்டு புதிதாக மாட்டப்பட்டிருக்கும்.

5. வெற்றுத்தாளிலோ “முழுத் திருப்தி” என்ற பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் மனம் தளராதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

இ.எஸ்.ஐ. இருப்பவருக்கு வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மருத்துவர் சான்று தரும் வரை அது தொடரும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு சதவீதம் போட, ஆயுள் முழுக்க மாதப்பயன் வரும். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளி நேரடியாக இழப்பீடு தரவேண்டும். எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 30 வயது, ஊதியம் 15,000, ஆள்காட்டி விரல் முழுதும் போய்விட்டது என்று வைப்போம். அந்த வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் பெருக்கெண் 207.98. ஊதியத்தில் 60 சதவீதமான 9,000-ஐ அதனால் பெருக்கினால் 18,71,820. ஆள்காட்டி விரலுக்கு அட்டவணையில் 14 சதவீதம். கிடைக்கவேண்டியது ஏறக்குறைய 2,62,000 ரூபாய். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஊதியத்தில் பாதியைப் பெருக்கி 15,59,850. கையில் இருபதாயிரத்தைத் திணித்து ஊருக்கு பஸ் ஏற்றிவிடுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும்.

வேலைக்கு வரும் வழியில் அடிபட்டாலும் விட்டுவிடாதீர்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலர் அதிகாலை ஷிப்டுக்குப் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. விபத்து நடந்தது 2003-இல். நேரம், இடம், சூழல் மூன்றும் வேலையோடு தொடர்புபட்டிருக்க வேண்டும் என்பதே அளவுகோல். புதிய தொகுப்பிலும் இது இருக்கிறது. ஷிப்ட் அட்டவணையின் போட்டோ இங்கேயும் கைகொடுக்கும்.

எந்த அலுவலகம்

சம்பளப் பாக்கிக்கு மெஷின் ஆய்வாளரிடம் போய் நிற்பதும், கார்டு இல்லாத மெஷினுக்கு இ.எஸ்.ஐ.யில் புகார் கொடுப்பதும் நாட்களை வீணாக்கும். மெஷின், ரசாயனம், காற்று, கழிப்பறை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். சம்பளம், ஓ.டி., பிடித்தம் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர். காய இழப்பீடு என்றால் அந்தப் பொறுப்பு கொடுக்கப்பட்ட தொழிலாளர் துணை ஆணையர். ரயில்வே, துறைமுகம், வங்கி, சுரங்கம் போன்றவை ஒன்றிய அரசின் தொழிலாளர் அலுவலகத்தைச் சேர்ந்தவை. எங்கே கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையை விடும்போது

ராஜினாமா செய்தாலும் வெளியேற்றப்பட்டாலும் கடைசிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் வரவேண்டும். “45 நாள் கழித்து செட்டில்மென்ட்” என்பது பழைய பழக்கம், சம்பளத்துக்கு அது இனி செல்லாது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்பட்டவர்கள் ஓராண்டு முடித்திருந்தால் பணிக்கொடைக்குத் தகுதி பெறுகிறார்கள். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு என்பது அப்படியே இருக்கிறது. கணக்கு: கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு உரியது. 15,600 ஊதியத்துக்கு 9,000 ரூபாய். வேலைநீக்கத்தை எதிர்த்து நேரடியாகத் தொழில் தீர்ப்பாயம் போக இருந்த மூன்றாண்டு அவகாசம் இரண்டாகக் குறைந்துவிட்டது. அதிலும் சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் ஆன பிறகே போகலாம். எனவே நீக்கக் கடிதம் வந்த வாரமே சமரச அதிகாரிக்கு மனு எழுதிவிடுங்கள். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் அதன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.